மூலம் ஒன்று, வழங்கல் பல

திருக்குறளுக்குப் பழைய உரைகள் பத்து என்பர். மூலம் ஒன்றே, ஆயினும் உரைக்கு உரை குறள்களின் வைப்பு முறை மாறும், பாடம் மாறும், பொருளும் மாறும். எந்த உரையைத் தேர்வுக்குக் கற்பது என்னும் வினாவுக்குப் பாடத்திட்டமே விடை தரும். கணிப்பொறித் துறையிலும் இவ்வினா எழுவதை என் தமக்கை மகளால் அறிந்தேன்.

உறையூரில் வாழும் அவள் கணிப்பொறி அறிவியலில் இளநிலைப் பட்டம் பெற்றவள். பட்டம் மட்டும் வேலைக்குப் போதாமையால் லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ்த் தேர்வு எழுத விழைந்தாள். கட்டணமோ அக்குடும்பத்தின் ஒரு மாத வருவாய். தவறினால் மீண்டும் கட்ட இயலாது. வீட்டில் இருந்தது, அவள் அண்ணனுக்குப் பள்ளியில் அரசு வழங்கிய பழைய மடிக்கணினி. “மாமா, ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க. நான் எதைப் போட்டுப் படிக்கிறது?” என்று கேட்டாள். மாலை வேளைகளில் இருவரும் அமர்ந்து ஆராய்ந்தோம். மாணவச் செல்வங்களுக்குப் பயன்படும் என்று அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

லினக்ஸின் கருவை 1991ஆம் ஆண்டில் வெளியிட்டவர் ஃபின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ். அக்கருவோடு வேண்டிய மென்பொருள்களைச் சேர்த்துத் தொகுத்துத் தருவதே ‘வழங்கல்’. 1993இல் தொடங்கிய டெபியன் ஒரு குடும்பம். ரெட் ஹேட் மற்றொரு குடும்பம். அரசு மடிக்கணினிகளில் விண்டோஸுடன் இடம்பெற்ற பாஸ் லினக்ஸ், சி-டாக் நிறுவனம் டெபியன் வழியில் உருவாக்கியது. மென்பொருளை நிறுவ டெபியன் வழியில் ‘ஆப்ட்’ கட்டளை. ரெட் ஹேட் வழியில் ‘டி.என்.எஃப்’.

தேர்வுகளும் இரு வகையின. எல்.பி.ஐ.சி-1 என்னும் சான்றிதழ் 101, 102 என இரு தாள்கள் உடையது; எந்த நிறுவனத்தையும் சாராதது; இரு குடும்பத்துக் கட்டளைகளையும் கேட்பது. ரெட் ஹேட்டின் ஆர்.எச்.சி.எஸ்.ஏ. தேர்விலோ விடை தெரிந்தெடுக்கும் வினாக்கள் இல்லை. கணினியில் பணிகளைச் செய்தே காட்ட வேண்டும். இணையம் கிடையாது, கணினியிலுள்ள கையேட்டுப் பக்கங்களே துணை. ஆகவே கைப்பழக்கம் அக்குடும்பத்திலேயே அமைதல் வேண்டும்.

அவள் விரும்பியது இரண்டாவது தேர்வு. முன்பு ஏழை மாணவர்க்கு உதவிய சென்ட்ஓஎஸ் லினக்ஸ் 8இன் ஆதரவு 2021 இறுதியில் நின்றது. அவ்வாண்டிலேயே ஆல்மா லினக்ஸ், ராக்கி லினக்ஸ் ஆகியவை விலையின்றி வந்தன. தனிப்பட்டோர் 16 கணினிகள் வரை கட்டணமின்றிப் பயன்படுத்த ரெட் ஹேட்டும் அதே ஆண்டு வழிசெய்தது. ஆனால் 2025இல் வந்த அதன் பத்தாம் பதிப்பு பழைய செயலிகளில் இயங்காது. அத்தகைய செயலிகளுக்கெனத் தனித்தொகுப்பும் தருவது ஆல்மா. அதையே தேர்ந்தோம்.

எனவே, தேர்வு எது, அது எந்தப் பதிப்பைக் கேட்கிறது, நம் கணினி அதைத் தாங்குமா என்னும் மூன்றையும் முதலில் அறிக. பிறகு வழங்கலை மாற்றிக்கொண்டே இராது, ஒன்றில் நிலைத்துப் பழகுக. தேர்வில் செய்த அமைப்புகள் கணினியை அணைத்து மீண்டும் இயக்கிய பின்னும் நிலைத்திருந்தால்தான் மதிப்பெண் உண்டு. அவள் இன்னும் தேர்வெழுதவில்லை. நாள்தோறும் பயின்று வருகிறாள்.