கைக்குழந்தையும் காய்கறிப் பையும்

கைக்குழந்தையோடு கடைக்குப் போய் வருவதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று மூத்த சகோதரிகள் கேட்கக்கூடும். நாலைந்து பெற்று, ஒன்றை இடுப்பிலும் ஒன்றைக் கையிலுமாகச் சந்தைக்குப் போய் வந்தவர்கள் அவர்கள். ஆனால் அந்தக் காலத்து வீடுகளில் குழந்தையை வாங்கிக்கொள்ள நாலு கைகள் இருந்தன. எங்கள் வீடு மதுரை அண்ணா நகர்ப் பக்கம், ஒரு மாடிப் போர்ஷன். நான், என் கணவர், முழங்கால் வலியால் படி இறங்க முடியாத என் மாமியார், 2022 ஆவணியில் பிறந்த மகள், இவ்வளவுதான் குடும்பம். அவர் காலை ஏழரைக்குக் கப்பலூருக்கு வேலைக்குக் கிளம்பினால் வீடு திரும்ப இரவு எட்டாகிவிடும்.

நாற்பது நாள் கழிந்து தாய் வீட்டிலிருந்து நான் திரும்பியதும், "கடை கண்ணியெல்லாம் நான் பாத்துக்கறேன். நீ பாப்பாவை மட்டும் கவனி, போதும்" என்று சொல்லிவிட்டார். எத்தனை பெண்களுக்கு இப்படிச் சொல்கிற கணவர் வாய்ப்பார்! பாதிச் சாமான் வேலையிலிருந்து வருகிற வழியில், மீதி செல்போனில். ஒரு தட்டு தட்டினால் வாசலுக்கு வந்துவிடுகிறதே!

வந்தது உண்மைதான். கூடவே மாவுப் பாக்கெட், உரித்த பூண்டு, துருவிய தேங்காய், "ரெண்டு வாங்கினா ஒண்ணு இலவசம்" என்று பிஸ்கட்டுகள் எல்லாம் வந்தன. மாதம் 5,500 ரூபாய்க்குள் அடங்கிக்கொண்டிருந்த மளிகை, காய்கறிச் செலவு, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் ஏழாயிரத்தைத் தாண்டியது. இரண்டு மாத ரேஷனும் வாங்காமல் போயிற்று. அவரைக் குறை சொல்வதற்கில்லை. இரவு எட்டு மணிக்குக் களைத்து வருகிற மனிதர், கத்தரிக்காயில் சொத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துக்கொண்டா நிற்பார்?

பணமாவது கணக்கு நோட்டில் தெரிந்தது. நோட்டில் ஏறாத இன்னொன்றும் இருந்தது. காலை ஏழரையிலிருந்து இரவு எட்டு வரை நான் பார்த்த வெளி மனிதர் அந்த டெலிவரிப் பையன் ஒருவன்தான். "பார்சல்ம்மா" என்பான், போய்விடுவான். அத்தை டி.வி. முன்னால் கண்ணயர்ந்திருப்பார்கள். குழந்தை பால் குடிக்கும், தூங்கும். நான் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். ஒரு காரணமும் இல்லாமல் கண்ணில் நீர் வழியும்.

கார்த்திகையில் ஒரு புதன்கிழமை, பதினாலாவது வார ஊசிக்காக ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போயிருந்தோம். அட்டையில் எழுதி முடித்த சிஸ்டர் குழந்தையை விட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "புள்ள நல்லாருக்கா. நீ எப்படிம்மா இருக்க? தூங்கறியா? வெளிய வாசல்ல போறியா?" என்றார். அவ்வளவுதான், அங்கேயே உடைந்து அழுதுவிட்டேன். பிரசவமான புதிதில் காரணமில்லாமல் அழுகை வருவது சகஜம், இரண்டு வாரத்தில் அடங்கிவிடும்; அதற்கு மேலும் நீடித்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லியாக வேண்டும் என்று விளக்கினார். டாக்டரம்மாவிடம் அவரே அழைத்துக்கொண்டும் போனார். எனக்கு மருந்து தேவைப்படவில்லை. தேவைப்படுகிறவர்கள் வெட்கப்படாமல் சாப்பிடத்தான் வேண்டும், அதற்கும் காய்ச்சல் மாத்திரைக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. "தினம் ஒரு தடவையாவது வீட்டை விட்டுக் கீழ இறங்கும்மா. நாலு பேரோட பேசு" என்று சொல்லி அனுப்பினார் டாக்டரம்மா.

அன்று இரவே, "இனிமே கடைக்கு நானே போறேங்க" என்றேன்.

"பச்சை உடம்பு. ஆறு மாசமாவது ஆகட்டும். கண்ணு படும்" என்றார்கள் அத்தை. அவரோ, "நான் பைக்ல கூட்டிட்டுப் போறேனே" என்றார். மடியில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு பைக்கில் பின்னால் உட்காருவது எனக்குச் சம்மதமில்லை. ஒன்பது மாதம் முதல் நாலு வயது வரை உள்ள குழந்தைக்கே பாதுகாப்பு வாரும் ஹெல்மெட்டும் வேண்டும், வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது என்று 2022இல் மத்திய அரசு விதி கொண்டு வந்தது. கழுத்து நிற்காத மூன்று மாதக் குழந்தையைப் பற்றிக் கேட்க வேண்டுமா!

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். எல்லாச் சாமானையும் குழந்தையோடுதான் வாங்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லையே. காய்கறி, விடியற்காலையில் நான் மட்டும். கனமான மளிகை, வீடு தேடி வரட்டும். ரேஷனும் சில்லறைச் சாமானும், குழந்தையும் நானும்.

அண்ணா நகர் உழவர் சந்தைக்கு எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிஷ நடை. தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை இதுதான், 1999 நவம்பர் 14ஆம் தேதி திறந்தார்கள். ஐந்தரை மணிக்குப் பாப்பாவுக்குப் பால் கொடுத்துப் படுக்க வைத்தால் ஏழு வரை அசைய மாட்டாள். அவரும் அத்தையும் பக்கத்தில் இருப்பார்கள். மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு நான் படி இறங்கிவிடுவேன். (2019 ஜனவரியில் கடைகளில் பிளாஸ்டிக் பையைத் தடை செய்ததிலிருந்து எங்கள் வீட்டுக் கதவில் இரண்டு துணிப்பை தொங்கிக்கொண்டே இருக்கும்.)

சந்தை வாசலில் அன்றைய விலையைப் போர்டில் எழுதி வைத்திருப்பார்கள். அதை முதலில் படித்து, எது மலிவோ அதை வைத்து அன்றைய குழம்பைத் தீர்மானம் செய்துகொண்டு உள்ளே போவேன். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து, முருங்கைக்காயை முறுக்கிப் பார்த்து, தக்காளியில் பழமும் செங்காயும் கலந்து பொறுக்கி... இதெல்லாம் ஒரு சந்தோஷமா என்று கேட்டால், இரண்டு மாதம் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவளுக்குச் சந்தோஷம்தான். கீரை விற்கிற அம்மா என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். "பால் குடுக்கற பொண்ணா? முருங்கைக் கீரை எடுத்துட்டுப் போ, நல்லா சுரக்கும்" என்றாள். சுரக்கிறதோ இல்லையோ, பெற்ற உடம்புக்கு வேண்டிய இரும்புச் சத்து அதில் இருக்கிறது. வாரம் இரண்டு கட்டு வழக்கமாகிவிட்டது.

மளிகைக்கு எங்கள் தெருமுனை அண்ணாச்சி கடை. ஒன்றாம் தேதி லிஸ்ட் கொடுத்தால் சாயங்காலத்துக்குள் பையன் மாடிக்கே கொண்டு வந்து வைத்துவிடுவான். அரிசி 26 கிலோ சிப்பம். அதென்ன 26 என்று கேட்டேன். 2022 ஜூலையில் 25 கிலோ வரையிலான பொட்டல அரிசிக்கு வரி வந்ததாம். மில்காரர்கள் ஒரு கிலோவைக் கூடப் போட்டுவிட்டார்கள்! லிஸ்ட் கொடுக்கும் சாக்கில் சாயங்காலம் குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானே போவேன். கடையில் உட்கார்ந்திருக்கும் அண்ணாச்சி சம்சாரம், "உள்ள வந்து உக்காரும்மா. கைப்புள்ளய வச்சுக்கிட்டு ஏன் தெருவுல நிக்க?" என்று ஸ்டூலை இழுத்துப் போடுவார்கள். பாப்பா பசித்து அழுதால் அரிசி மூட்டைகளுக்குப் பின்னால் அந்த ஸ்டூலிலேயே பால் கொடுத்திருக்கிறேன். பஸ் நிலையங்களில் பாலூட்டும் அறைகள் 2015இலிருந்து இருக்கின்றன. கடைத்தெருவில் அப்படி ஒன்று கிடையாது. தெரிந்த ஒரு கடையைப் பிடித்து வைத்துக்கொள்வதுதான் வழி.

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும் போதும், வெயில் காலத்திலும் தண்ணீர்கூட வேண்டாம் என்கிறார்கள் டாக்டர்கள். இது நமக்கு எவ்வளவு பெரிய சௌகரியம்! பாட்டில், ஃபிளாஸ்க் எதையும் தூக்க வேண்டியதில்லை. மாற்றுத் துணி இரண்டு, ஒரு ரப்பர் ஷீட், தோளில் போட ஒரு துண்டு. என் பையில் அவ்வளவுதான்.

குழந்தையைச் சுமக்க, நெஞ்சோடு கட்டிக்கொள்ளும் பை ஒன்று வாங்கினேன். "இதென்னடி, கங்காரு மாதிரி!" என்று அத்தை சிரித்தார்கள். சிரித்தாலும், வாரை இழுத்துச் சரி பார்த்தவர்களும் அவர்கள்தான். அதில் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது, குனிந்தால் குழந்தையின் முகம் நமக்குத் தெரிய வேண்டும். மோவாய் அதன் நெஞ்சில் அழுந்தக் கூடாது. மூக்கைத் துணி மூடக் கூடாது. தொடைக்கு அடியில் தாங்கல் இருந்து, முழங்கால் இடுப்பைவிடச் சற்று மேலே நிற்க வேண்டும். நாலாம் மாதம் பாப்பா ஆறு கிலோவுக்கு மேல். அதனால் மற்றக் கையில் இரண்டு மூன்று கிலோவுக்கு அதிகமாக எடுப்பதில்லை என்று வைத்துக்கொண்டேன். எந்த நேரமும் ஒரு கை சும்மா இருந்தாக வேண்டும், படிக்கட்டின் கைப்பிடிக்காக.

கூட்டத்தில் வேறொரு தொல்லை. குழந்தையைக் கண்டால் யாருக்குத்தான் கன்னத்தைக் கிள்ளத் தோன்றாது! பாசம்தான். ஆனால் தட்டம்மை ஊசி ஒன்பது மாதம் முடிந்துதான் போடுகிறார்கள்; இருமல், சளி உள்ளவர்கள் முத்தம் கொடுத்தால் பாடு நமக்குத்தான். "தொடாதீங்க" என்று முகத்தில் அடித்தாற்போல் சொல்ல எனக்கு வராது. "இப்பதான் ஊசி போட்டிருக்கு அக்கா, தொட்டா அழுவா" என்பேன். எல்லாரும் உடனே கையை எடுத்துக்கொண்டு, "அச்சச்சோ" என்று கூடப் பரிதாபப்படுவார்கள். பாவம் என் மகள், அந்தக் கணக்குப்படி அவளுக்கு வாரம் மூன்று ஊசி!

ரேஷனுக்கு வருகிறேன். துவரம் பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் 25, சர்க்கரை 25, அரிசி இலவசம். வெளியில் பருப்பு நூறைத் தாண்டி விற்கும்போது இதை விட மனம் வருமா? ஆனால் கார்டில் பெயர் உள்ள ஒருவர் நேரில் வந்து கைரேகை வைக்க வேண்டும். 2020 அக்டோபரிலிருந்து அப்படி. அத்தைக்குப் படி இறங்க முடியாது, அவருக்கு லீவு கிடையாது. நானும் பாப்பாவும்தான் போனோம்.

மார்கழி மாதம் முதல் தடவை போனபோது வரிசையில் முப்பது பேர் இருக்கும். ஒரு பாட்டி, "கைப்புள்ளக்காரிய முன்னாடி விடுங்கப்பா" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் ஒதுங்கினார்கள். முன்னால் நின்ற ஒரு பெண் மட்டும், "நானும் பத்து மணிக்கு வேலைக்குப் போகணும். லேட்டானா அரை நாள் சம்பளம் போயிரும்" என்றாள், முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு. அவள் சொன்னதும் நியாயம்தானே! ஜவுளிக் கடையில் வேலை. பாப்பாவோ நல்ல தூக்கம். "நீங்க வாங்கிக்கங்க அக்கா, நான் அடுத்து வாங்கிக்கறேன்" என்றேன். வாங்கிக்கொண்டு ஓடினவள், நாலடி போய்த் திரும்பி வந்து என் அரிசிப் பையையும் தூக்கிக்கொண்டாள். "எந்தத் தெரு? வழியிலதான?" என்றாள்.

அடுத்த மாதம் கடை திறக்கும் முன்பே வரிசையில் அவள் பைக்குப் பக்கத்தில் எனக்காக இன்னொரு பை இருந்தது. அதற்குப் பிறகு எங்களுக்குள் சாமான் வாங்குவது கைமாற்றுப் போல ஆகிவிட்டது. சந்தையில் அவளுக்கும் சேர்த்துக் காய் வாங்கி விடியற்காலையிலேயே கொடுத்துவிடுவேன். அவள் வேலை முடிந்து வரும்போது கீழமாசி வீதி மொத்தக் கடையில் மிளகாய் வற்றல், மல்லி, புளி எனக்கும் சேர்த்து வாங்கி வருவாள். இரண்டு வீட்டுக்கும் லாபம். தை மாதக் கணக்கு 5,800இல் நின்றது. டயப்பரும் சேர்த்து! அழுகை எந்த வாரத்தில் நின்றது என்று நோட்டில் எழுதி வைக்கவில்லை. தையில் ஒரு நாள் அவர், "இப்பல்லாம் ராத்திரி நான் வந்ததும் நீ கதை சொல்ற" என்றார்.

ஆறு மாதம் முடிந்ததும் லிஸ்ட் மாறியது. சந்தையில் கேழ்வரகு, நேந்திரம் பழம், பூசணிக் கீற்று. கேழ்வரகை ஊற வைத்து முளை கட்டிக் காய வைத்து மில்லில் கொடுத்து அரைத்தேன். குழந்தையை மில்லுக்குத் தூக்கிப் போக வேண்டாம், அத்தனை தூசி! அத்தை நாக்கில் தேன் தடவ வேண்டும் என்றார்கள். ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது, அதிலிருந்து நரம்பைத் தாக்கும் நோய் வரலாம் என்று டாக்டரம்மா சொன்னதைச் சொன்னேன். உப்பும் சர்க்கரையும்கூட ஒரு வயதுக்குப் பிறகுதான். "நாங்க வளக்கலையா" என்று முணுமுணுத்தாலும் தேன் பாட்டிலை அவர்களே மேல் பலகையில் ஏற்றி வைத்துவிட்டார்கள்.

ஒன்பது மாத ஊசி போட்டு, காய்ச்சலும் விட்ட பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை பாப்பாவையும் உழவர் சந்தைக்குத் தூக்கிக்கொண்டு போனேன். கீரைக்கார அம்மா அவளை ஏற இறங்கப் பார்த்து, "என் கீரையில வளந்தவ இவதானா?" என்று கேட்டுவிட்டு, கொசுறுக்கு ஒரு கொத்துக் கறிவேப்பிலையை அவள் கையிலேயே கொடுத்தாள். வாயில் வைக்கப் போனாள். பிடுங்கினால் ஒரே கத்தல். வீடு வந்து சேரும்வரை அவள் கைமேலேயே ஒரு கண்ணாக நடந்தேன். காய் வாங்கியதில் பச்சை மிளகாயை மறந்தே போனேன், ஜவுளிக் கடை அக்கா வீட்டில்தான் நாலு வாங்கிக்கொண்டேன்.