பழைய லண்டன் கிளாரினெட்டுக்கு என்ன விலை கொடுக்கலாம்?

'பூஸி அண்ட் ஹாக்ஸ், லண்டன்' என்று பொறித்த கிளாரினெட் பரணில் கிடைத்துவிட்டால் புதையல் கிடைத்த மாதிரி நினைப்பவர்கள் இங்கிலாந்தில் நிறையப் பேர். பழைய சாமான் கடைக்காரர்களோ அதே பெயரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்குகிறார்கள். இரண்டு கட்சியும் பெயரை மட்டும் படித்துவிட்டுப் பேசுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பூஸியும் ஹாக்ஸும் தனித்தனிக் கம்பெனிகளாக இருந்து 1930இல் ஒன்று சேர்ந்தவை. அதன் பிறகு வடக்கு லண்டனில் எட்ஜ்வேர் தொழிற்சாலையில் பல பத்தாண்டுகள் கிளாரினெட் செய்து குவித்தார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கான ரீஜென்ட்டிலும் அதே பெயர்தான், ஜாக் பிரைமர் போன்ற ஜாம்பவான்கள் வாசித்த 1010இலும் அதே பெயர்தான். நடுவில் எட்ஜ்வேர், எம்பரர், இம்பீரியல் என்று படிகள். எட்ஜ்வேர் மாடல் கற்றுக்கொள்ள நல்ல வாத்தியம், சந்தேகமே இல்லை. ஆனால் பேட் முழுக்க மாற்றி, கார்க் ஒட்டி எடுக்க ஆகும் கூலி பல சமயம் அதன் விலையையே தாண்டிவிடும். வாசிக்கிற நிலையில் இருந்தால் வாங்கலாம், இல்லையென்றால் அலமாரிக்கு அழகு.

இன்னும் பழசு என்றால் வேறொரு கண்ணி இருக்கிறது: சுருதி. 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில் 'ஏ' ஸ்வரம் 452 வரை போனது. இன்றைய 440ஐ விட நம்மூர்க் கணக்கில் சுமார் கால் கட்டை அதிகம். ராணுவ பேண்டுகள் 1920களின் கடைசி வரை அதை விடவில்லை. அந்தக் கிளாரினெட்டுகள் சுமார் 2 செ.மீ. குட்டையாக இருக்கும், சிலவற்றில் எச்.பி. என்று பொறித்திருக்கும். கொஞ்சம் இழுத்து நீளமாக்கினால் சரியாகாதா என்றால், ஆகாது. இழுக்கும்போது மேல் ஓட்டைகளின் ஸ்வரம் நிறைய இறங்கும், கீழ் ஓட்டைகளுடையது கொஞ்சம்தான் இறங்கும். பளபளப்பு எப்படி இருந்தாலும் இன்றைய குழுவோடு சேர்ந்து வாசிக்க முடியாது.

கையில் எடுத்துப் பார்க்கும்போது நான் முதலில் தேடுவது விரிசல். கருமரம் பெரும்பாலும் மேல் பாகத்தில்தான் வெடிக்கும், அதுவும் ஓட்டைகளின் ஓரத்தில். வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றிப் பார்க்கணும். அடுத்து, மேல் பாகத்தின் அடி முனையை உள்ளங்கையால் அடைத்து, ஓட்டைகளை மற்ற கை விரல்களால் மூடி, மேலே வாய் வைத்து உறிஞ்சணும். காற்று கசியாவிட்டால் சில நொடி உதட்டைக் கவ்விப் பிடிக்கும் (பக்கத்தில் ஆள் இல்லாதபோது செய்வது நல்லது, பார்க்கச் சகிக்காது). உடம்பு பழுப்புப் பச்சையாகி கந்தக வாடை அடித்தால் அது மரமே இல்லை, எபனைட். வாசிப்புக்குக் கெடுதல் இல்லை, ஆனால் மரத்தின் விலை கொடுக்கக் கூடாது.

இதையெல்லாம் எழுதத் தோன்றியதே எங்கள் வீட்டுக்காரப் பாட்டியால்தான். போன குளிர்காலம் பாய்லர் செத்துப்போய், காசுக்காகத் தாத்தாவின் கிளாரினெட்டை விற்க எடுத்துப் போனார். கடைக்காரர் ஊதிப் பார்த்துவிட்டு "சுருதி சேரலை, அறுபது பவுண்டு" என்றாராம். பல்கலைக்கழக பேண்டில் மூன்றாவது கிளாரினெட் ஊதும் என்னிடம் அது சரியான விலைதானா என்று கேட்டார்.

பெட்டியைத் திறந்தால் 1010! மேல் பாகத்திலும் கீழ் பாகத்திலும் ஒரே வரிசை எண். (இது முக்கியம், இரண்டு வாத்தியங்களைக் கலந்து ஒன்றாக விற்பவர்கள் உண்டு.) விரிசல் இல்லை. ஊதினால் மட்டும் கடைக்காரர் சொன்னது நிஜம், தொண்டைப் பகுதி ஸ்வரங்கள் எங்கேயோ போயின.

காரணம் வாத்தியம் இல்லை, மவுத்பீஸ். 1010இன் உள்துளை சுமார் 15.2 மி.மீ. அகலம். இன்றைய பிரெஞ்சுக் கிளாரினெட்டுகளை விட அரை மில்லிமீட்டருக்குக் கூடுதல். அதற்கென்று நேர் உருளையாகக் குடைந்த மவுத்பீஸ் வேண்டும். பெட்டியில் இருந்ததோ குறுகிச் செல்லும் துளை கொண்ட சாதாரணப் பிளாஸ்டிக் மவுத்பீஸ். எங்கள் பேண்டில் ஒரு பெரியவரிடம் பழைய 1010 மவுத்பீஸ் இருந்தது. கடன் வாங்கிப் பொருத்தினேன். ஒரு ஸ்வரம் கூட முரண்டு பிடிக்கவில்லை. அந்த அகலமான, கொஞ்சம் இருட்டான குரலை அறைக்குள் கேட்க வேண்டும்!

இதற்காக லட்சாதிபதி ஆகிவிட முடியாது. இங்கேயே பெரும்பாலோர் பிரெஞ்சு வாத்தியங்களுக்கு மாறியாச்சு. 1010ஐத் தேடி வாங்குவோர் குறைவு. தரத்துக்குத் தகுந்த விலை அதற்குக் கிடைப்பதில்லை என்பது என் ஆதங்கம். ஆனாலும் அறுபது பவுண்டு அநியாயம். ரிப்பேர்காரர் ஒருவரிடம் காட்டினோம். அப்படியே, பேட் கூட மாற்றாமல், அதைப் போலப் பல மடங்குக்குப் போகும் என்று எழுதிக் கொடுத்தார். பாட்டி பாய்லரைத் தவணையில் போட்டுவிட்டு, விற்பதை இப்போதைக்கு நிறுத்தி வைத்திருக்கிறார்.

பெட்டியில் இரண்டு வாத்தியத்துக்கு இடம் இருக்கிறது, ஒன்று காலி. ஆர்க்கெஸ்ட்ராக்காரர்கள் பி ஃபிளாட், ஏ இரண்டும் ஜோடியாக வைத்திருப்பார்கள். ஜோடி என்றால் மதிப்பும் தனி. இரண்டுக்கும் ஒரே மவுத்பீஸைத்தான் மாற்றி மாற்றிப் போடுவார்கள். ஏ கிளாரினெட்டைத் தாத்தா எப்போதோ ஒரு நண்பருக்குக் கொடுத்துவிட்டாராம். தாத்தாவின் மவுத்பீஸும் அதோடு போயிருக்கும் என்று நினைக்கிறேன். நண்பரின் பெயரைப் பாட்டி இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்.