தண்ணீர் போகும் வழி

பெங்களூரில் மழை மாலை நேரத்து விருந்தாளி. மத்தியானம் வரை வெயில் காயும். நாலு மணிக்கு மேகம் கூடி, இடி இடித்துக் கொட்டிவிட்டு, பெரும்பாலும் இரவுக்குள் போய்விடும். சென்னையின் ஐப்பசி மழையோ மூட்டை முடிச்சோடு வந்து தங்குகிற உறவுக்காரர். எப்போது கிளம்புவார் என்று யாருக்கும் தெரியாது.

கடல் மட்டத்துக்கு 900 மீட்டர் உயரத்தில், பெல்லந்தூர் பக்கம் பதினைந்து வருடம் குடியிருந்த ஒரு குடும்பத் தலைவிக்கு இது 2023இல் தெரிந்தது. அந்தக் கோடையில் கணவருக்கு வேலை மாற்றலாகி சோழிங்கநல்லூரில் வீடு பார்த்தார்கள். எட்டாவது மாடி. கிழக்கே நீலக் கோடாக வங்கக் கடல், வடமேற்கே நாணலும் தண்ணீரும் பறவைகளுமாகப் பச்சைப் பரப்பு. கடல் பக்கத்தில் இருக்கிறதே என்று மட்டும் அவர் பயந்தார். பச்சைப் பரப்பைப் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

அக்டோபரில் வீட்டின் குணம் மாறியது. உப்பு ஜாடிக்குள் கசிந்தது. அப்பளம் நமுத்தது. பால்கனிக் கம்பியில் கடற்காற்று துரு ஏற்றியது. மின்விசிறிக்கு அடியில் நாள் கணக்கில் தொங்கியும் பள்ளிச் சீருடை காயவில்லை. இஸ்திரிப் பெட்டியால் காய வைத்து அனுப்ப வேண்டியிருந்தது. இதெல்லாம் பழகிவிடும். பழக முடியாதது டிசம்பரில் வந்தது.

மிக்ஜாம் புயல் டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டித் தீர்த்தது. கீழ்த்தள பார்க்கிங் நிரம்பியது. மின்சாரம் போனது. லிஃப்ட் நின்றது, மோட்டார் நின்றது, குழாயும் நின்றது. சுற்றிலும் தண்ணீர் இருக்க, குளியலறைக்கு ஒரு வாளித் தண்ணீரை எட்டு மாடி தூக்க வேண்டியிருந்தது. விவரம் தெரிந்தவர்கள் முன்கூட்டியே கார்களை மேம்பாலத்தில் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள்.

நாலாம் நாள் வேலைக்கு வந்த பெண்ணிடம், "மழைதான் விட்டுடுச்சே, உங்க பக்கம் தண்ணி வடிஞ்சுதா?" என்று விசாரித்தார். அவள் வீடு செம்மஞ்சேரிக் குடியிருப்பில்.

"மழை விட்டப்புறம்தான்க்கா எங்களுக்கு ஏறும். மேல இருக்கிற ஏரித் தண்ணியெல்லாம் வரணுமில்ல? முன்னல்லாம் காலி நிலத்துல பரவிப் போயிடும். இப்ப எல்லாரும் மண்ணைக் கொட்டி உசத்திட்டாங்க. அது வேற எங்க போகும்?"

குறையாக அல்ல, வழி சொல்கிற மாதிரிதான் அவள் சொன்னாள். ஆனால் உயர்த்தப்பட்ட மனைகளில் அந்த அடுக்குமாடியும் ஒன்று.

அவள் சொன்னதில்தான் தென்சென்னையின் பூகோளம் இருக்கிறது. தாம்பரம் முதல் வேளச்சேரி வரையிலான ஏரிகளின் உபரிநீர் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் சேருகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, தெற்கே முட்டுக்காடு கழிமுகத்தில் கடலைச் சேர வேண்டும். புயல் நாளில் கடல் பொங்கி நின்றால் கழிமுகம் தண்ணீரை வாங்காது. அதுவரை பொறுத்து வைத்துக்கொள்ளத்தான் சதுப்பு. சாலைகளும் கட்டிடங்களும் பெருங்குடி குப்பைமேடும் போக மிஞ்சிய சுமார் 1,248 ஹெக்டேர், 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது.

பெங்களூர்க்காரருக்கு இது புதிய கதையல்ல. 2022 செப்டம்பரில் பெல்லந்தூர் வட்டாரம் மூழ்கி, கம்ப்யூட்டர் நிறுவன ஊழியர்கள் டிராக்டரில் வேலைக்குப் போனதை இந்தக் குடும்பமும் பார்த்தது. ஏரிக்கு ஏரி தண்ணீர் கொண்டுபோகும் ராஜகாலுவேக்களை ஆக்கிரமித்ததன் பலன் அது. மலைமேல் நடந்ததுதான் கடலோரத்திலும் நடந்தது. ஒரு வித்தியாசம்: எட்டாவது மாடிக்காரருக்கு நாலு நாள் தொல்லை, தரைத்தளத்தில் இருப்பவருக்கு அரிசி, துணி, பிள்ளைகளின் புத்தகம் எல்லாம் போகும். சுனாமியில் வீடிழந்தவர்களையும் ஆற்றங்கரைகளிலிருந்து அகற்றப்பட்டவர்களையும் பாதுகாப்புக்கென்று குடிவைத்த இடங்களில் செம்மஞ்சேரியும் ஒன்று.

இப்போது பெங்களூரிலிருந்து யாராவது வீடு விசாரித்து போன் செய்தால், அந்த அம்மாள் கடல் எவ்வளவு தூரம் என்று சொல்வதில்லை. இரண்டு கேள்வி கேட்கச் சொல்கிறார். இந்த மனை முன்பு என்னவாக இருந்தது? இங்கே பெய்கிற மழை யார் வீட்டு வழியாக வெளியே போகிறது? முதல் கேள்விக்குச் சில சமயம் பதில் கிடைக்கிறதாம். இரண்டாவதைக் கேட்டதும் புரோக்கர்கள் வேறு வீடு காட்டுகிறார்களாம்.