வாளி சுமந்தவரின் பேரன்

மத்திய சர்க்கார் எழுத்தனாக மாற்றலாகி மட்டாஞ்சேரியில் குடிபுகுந்த முதல் மழைக்காலத்திலேயே இவ்வூர் மண்ணின் குணம் புரிந்துவிட்டது. சிறிது தோண்டினாலே நீர். காயலில் ஓதம் ஏறும் நாட்களில் செப்டிக் டாங்க் நிறைந்து, கழிவு வீட்டுக்குள்ளேயே எதிர்த்து வரும். பாதாளச் சாக்கடையோ கொச்சி மாநகரின் பெரும்பகுதியை இன்னும் எட்டவில்லை.

அதைச் சீர்செய்ய ஆட்களோடு வந்தவர், துப்புரவுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற முதியவர். நான் மலையாளத்தில் கூலி பேச, அவர், "சாருக்கு எந்த ஊரு?" என்று நெல்லைத் தமிழில் கேட்டார். "பாளையங்கோட்டை, அண்ணாச்சி" என்றேன். சொன்ன பின்னரே அச்சொல் என்னை உறுத்திற்று. என் சிறுவயதில் எங்கள் வீட்டுப் பின்சந்தில் எடுப்புக் கக்கூஸைச் சுத்தம் செய்ய நாள்தோறும் ஓர் அம்மாள் வருவார். அவரை உறவு சொல்லி அழைத்தவர் எங்கள் தெருவில் ஒருவருமிலர். பெயரும் அறியோம்.

தகழி சிவசங்கரப் பிள்ளை 1947-இல் எழுதிய 'தோட்டியின் மகன்' நாவலைச் சுந்தர ராமசாமியின் தமிழில் நம்மில் பலர் படித்திருப்போம். ஆலப்புழையில் மலம் சுமந்த தமிழ்க் குடும்பத்தின் கதை அது. கதையென்றே எண்ணியிருந்தேன். அண்ணாச்சியின் பாட்டனாரோ இதே மட்டாஞ்சேரியில் விடியுமுன் வாளி தூக்கியவர். எடுப்புக் கழிப்பிடங்களைத் தடைசெய்யும் சட்டம் 1993-இலும், அதனினும் கடுமையான சட்டம் 2013-இலும் வந்தன. கழிப்பிட வசதி மனித உரிமை என்று ஐ.நா. பொதுச்சபை ஏற்றது 2010-இல். வாளி போயிற்று. உண்மைதான்.

ஆனால் அவருடைய பேரனுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் பட்டியல் ஆணை பிறந்த 1950-க்கு முன்பே குடும்பம் கேரளத்தில் இருந்ததற்குப் பத்திரம் வேண்டுமாம். "ராத்திரியோட ராத்திரியா வாளி தூக்குனவனுக்கு யாரு சார் ரசீது குடுத்தா?" என்றார். கோப்புகளோடு காலந்தள்ளும் எனக்கு விடை தெரியவில்லை.

ஞாயிறன்று வந்தார். பெஞ்சில் உட்காரச் சொல்லியும் சற்று நேரம் நின்றே பேசினார். பாட்டனாரின் தொழில் என்னவென்று எழுதுவது? "முனிசிபாலிட்டி வேலைன்னு போடுங்க, பையன் படிப்பான்ல" என்றார். அவ்வாறே எழுதினேன்.

மனு கொடுத்து ஏழு மாதமாகிறது. இரண்டு நினைவூட்டுக் கடிதங்கள் அனுப்பினோம். மூன்றாவது என் மேசையில் இருக்கிறது. அவர் கையொப்பமிட நாளை வருகிறார்.