மும்பைக் கோட்டையில் ஒரு பாங்கின் கதை

ஊரிலிருந்து உறவினர் வந்தால், மும்பைவாசிகளாகிய நாம் அவர்களுக்குக் காட்டும் இடங்கள் ஏறக்குறைய ஒன்றேதான்: கேட்வே ஆப் இந்தியா, மெரீன் டிரைவ், மகாலட்சுமி கோவில், மாட்டுங்கா கடைத்தெரு. கோட்டைப் பகுதியை யாரும் காட்டுவதில்லை. அங்கே இன்று கோட்டையும் இல்லை. அதன் மதில்கள் 1860களிலேயே இடிக்கப்பட்டு விட்டன. ஆயினும், நாம் வயிற்றைக் கட்டிச் சேர்க்கும் பணம் எப்படிக் காக்கப்படுகிறது, எப்போது காக்கப்படாமல் போகிறது என்பதை அறிய விரும்புவோர், ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை சர்ச்கேட்டில் இறங்கிப் போரிபந்தர் வரை நடந்து பார்த்தல் நலம். மூன்று கிலோமீட்டர் தூரம்கூட இராது. நூற்றைம்பது ஆண்டுக் கதை அந்த வழியில் கல்லாய் நிற்கிறது.

முதலில் ஓவல் மைதானம். பையன்கள் கிரிக்கெட் ஆடும் புல்வெளிக்குக் கிழக்கே, பல்கலைக்கழகத்தின் ராஜாபாய் மணிக்கூண்டு 280 அடி உயர்ந்து நிற்கிறது. 1869இல் தொடங்கி 1878இல் கட்டி முடித்தார்கள். ராஜாபாய் என்பது ஓர் அன்னையின் பெயர். அவருடைய மகன் பிரேம்சந்த் ராய்சந்த், பருத்தித் தரகில் தொடங்கி, பம்பாயின் பணச் சந்தையையே விரலசைவில் ஆட்டி வைத்தவர். 1864இல் நூலகத்திற்கு 2 லட்சமும் கோபுரத்திற்கு 2 லட்சமும் அவர் அளித்தார். கோபுரத்திற்கு அடிக்கல் நாட்டும் முன்பே அவருடைய செல்வம் கரைந்து விட்டது என்பதுதான் விந்தை.

அந்தச் செல்வம் வந்த விதத்தைச் சற்றே கேளுங்கள். 1861இல் அமெரிக்காவில் உள்நாட்டுப் போர் மூண்டது. தென் மாகாணங்களின் துறைமுகங்களை வடவரின் கடற்படை அடைத்துக் கொண்டது. அமெரிக்கப் பருத்தியையே நம்பியிருந்த லங்காஷயர் ஆலைகள் பஞ்சின்றித் தவித்தன. அவை பம்பாயை நோக்கித் திரும்பின. பஞ்சின் விலை பன்மடங்கு ஏறிற்று. யாரோ எங்கோ சண்டையிட, பம்பாயில் பொன்மழை பொழிந்தது.

மைதானத்தைக் கடந்து, ஹுதாத்மா சௌக் வழியாக வீர நரிமன் சாலையில் கிழக்கே சென்றால் ஹார்னிமன் வட்டத்தை அடைகிறோம். நடுவே பூங்கா, சுற்றிலும் வளைந்த கட்டடங்கள், எதிரே 1833இல் முடிக்கப்பட்ட டவுன் ஹாலின் அகன்ற படிக்கட்டுகள். இப்பகுதி முன்னர் ‘பம்பாய்ப் பசுந்திடல்’ எனப் பெயர் பெற்ற வெறும் வெளி. பஞ்சுப் பொதிகள் இங்கேதான் குவிக்கப்பட்டன. இங்கிருந்த ஆலமரத்தடியில் தரகர்கள் கூடிப் பங்குகளை வாங்கி விற்றனர். அவர்களுடைய வழித்தோன்றலே 1875இல் அமைந்த பங்குச் சந்தை.

பஞ்சில் வந்த பணத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று ஊர் திகைத்தது. கம்பெனிகள் மழைக்காளான் போல் முளைத்தன. 1865 ஜனவரியில் இந்நகரில் 31 பாங்குகள் இருந்தன. கடலைத் தூர்த்து நிலமாக்கப் புறப்பட்ட ‘பேக் பே’ கம்பெனியின் ஒரு பங்குக்குக் கட்டிய தொகை 5,000 ரூபாய். சந்தையில் அது 50,000 வரை ஏறிற்று. கடலோ இருந்த இடத்திலேயே இருந்தது! வணிகர் மட்டுமன்றிக் குமாஸ்தாக்களும் வீட்டு வேலைக்காரர்களும்கூடப் பங்கு வாங்கினர். கையில் பணமில்லாதவர், பின்னொரு நாளில் தருவதாகச் சொல்லி வாங்கினர். அப்படிக் குறிக்கப்பட்ட தவணை நாள் 1865 ஜூலை 1.

தவணைக்கு முன்பே, ஏப்ரல் மாதத்தில், அமெரிக்கத் தென்படைத் தளபதி லீ சரணடைந்தார். போர் முடிந்த செய்தி பம்பாயை எட்டியதும் பஞ்சு விலை சரிந்தது. பஞ்சின் மேல் நின்ற பங்குகள் சரிந்தன. ஜூலை முதல் நாள் வந்தபோது வாங்கியவரிடமும் பணமில்லை, விற்றவரிடமும் பணமில்லை. அவரவர் கையில் காகிதமே மிஞ்சியது.

இதுவரை சொன்னது பேராசையின் கதை. எந்த ஊரிலும் நடக்கக் கூடியது. இவ்வட்டத்தில் நின்று நாம் முக்கியமாக நினைக்க வேண்டியது வேறு. அப்போது பம்பாய் பாங்கு என்றொரு பாங்கு இருந்தது. 1840இல் சாசனம் பெற்றது. சர்க்கார் அதில் பங்குதாரர். சர்க்காரின் பணமும் அதில்தான் இருந்தது. மற்ற பாங்குகளுக்கு இடுக்கண் வந்தால் ஓடிவந்து நிற்க வேண்டிய மூத்த வீடு அது. ஆனால் 1863ஆம் ஆண்டுச் சட்டம் அதன் பழைய கட்டுக்களைத் தளர்த்தியது. கம்பெனிப் பங்குகளை ஈடாக வைத்தும் கடன் கொடுக்கலாம் என்றாயிற்று. நிர்வாகிகள் அளவின்றிக் கொடுத்தனர். பிரேம்சந்தும் அவரைச் சேர்ந்தவர்களும் பெரும் தொகைகள் பெற்றனர். ஊர் மயங்கிய வேளையில் ‘வேண்டாம்’ என்று சொல்ல வேண்டிய பாங்கே ஊரோடு சேர்ந்து மயங்கிற்று. எனவே, ஊர் மூச்சுத் திணறியபோது ‘இந்தா’ என்று கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. 1868இல் அது மூடப்பட்டது. சர்க்கார் அமைத்த விசாரணைக் குழு, தளர்ந்த சட்டத்தையும் நிர்வாகிகளின் முறைகேட்டையும் குற்றம் கூறிற்று.

பாங்கு மூடப்படுவது என்றால் வீட்டில் என்ன ஆகும் என்பதை நாம் ஏட்டில் மட்டும் படித்தவர்கள் அல்லர். சில ஆண்டுகளுக்கு முன் நம் குடியிருப்புக்கு அருகில் ஒரு கூட்டுறவு பாங்கில் பணம் எடுக்கக் கட்டுப்பாடு வந்தது. மாடிவீட்டு மாமி, கணவர் ஓய்வு பெற்றபோது வந்த தொகை முழுவதையும் அதில்தான் போட்டிருந்தார். பேரனுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்ட இன்னும் எட்டு நாளே இருந்தது. வரிசையில் நின்று திரும்பி வந்தவர் நம்மைக் கேட்டார்: “ஏம்ப்பா, நான் போட்ட பணம் அங்கேதானே இருக்கும்? அதை எடுத்துக் கொடுக்க இவர்களுக்கு என்ன கஷ்டம்?”

நேர்மையான கேள்வி. விடைதான் கசப்பானது. பணம் அங்கே இல்லை. எந்தப் பாங்கிலும் இராது. நாம் போடும் தொகையில் ஒரு பகுதியைக் கையிருப்பாகவும் சர்க்கார் பத்திரமாகவும் வைத்துக்கொண்டு, பெரும்பகுதியை வீடு கட்டுவோருக்கும் தொழில் செய்வோருக்கும் பாங்கு கடனாகக் கொடுத்து விடுகிறது. அவர்கள் ஐந்தாண்டில், இருபதாண்டில் திருப்பித் தருவார்கள். நாமோ கேட்ட நாளில் எடுப்போம் என்கிறோம். எல்லாரும் ஒரே நாளில் கேட்கமாட்டார்கள் என்னும் நம்பிக்கை மீதுதான் பாங்கு நிற்கிறது. அந்த நம்பிக்கை குலைந்தால் நல்ல பாங்கும் விழும். முன்னே ஓடுபவனுக்குப் பணம் கிடைக்கும், பின்னே வருபவனுக்குக் கிடைக்காது என்றால், அறிவுள்ளவனும் ஓடத்தானே செய்வான்?

இந்த ஓட்டத்தை நிறுத்த வழி என்ன? பம்பாய் வீழ்ந்த மறு ஆண்டே லண்டன் ஒரு வழி காட்டிற்று. 1866 மே 10ஆம் நாள் ஓவரெண்ட் கர்னி என்னும் பெரிய கடன் நிறுவனம் அங்கே கதவடைத்தது. அதைக் காப்பாற்ற இங்கிலாந்து பாங்கு மறுத்தது. ஆனால், அதனால் கலங்கிய மற்றவர்கள் நல்ல ஈட்டோடு வந்தபோது, தாராளமாகக் கடன் கொடுத்தது. 1873இல் வால்ட்டர் பேஜட் என்னும் பத்திரிகாசிரியர் ‘லம்பார்டு தெரு’ என்னும் நூலில் இதையே நெறியாக வகுத்தார். பீதியில் தயங்காமல் கொடு. நல்ல ஈட்டின் மேல் கொடு. உயர்ந்த வட்டிக்குக் கொடு. உள்ளே அழுகிப் போனவனுக்குக் கொடாதே. இன்றும் உலகத்தின் மத்திய பாங்குகள் இதைச் சுற்றியே வாதிடுகின்றன.

நம் நாட்டில் இப்படிக் கொடுக்க நெடுநாள் ஆளில்லை. 1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. தஞ்சை மிராசுதார் முதல் சிறு உத்தியோகஸ்தர் வரை எத்தனையோ பேர் சேமிப்பை இழந்தனர். அந்த அடியிலிருந்துதான் 1907இல் இந்தியன் பாங்கு பிறந்தது. மத்திய பாங்கு வந்ததோ 1935 ஏப்ரல் 1ஆம் நாள்.

ஹார்னிமன் வட்டத்திலிருந்து வடக்கே மின்ட் சாலையில் நடந்தால், நாணயச் சாலைக்குப் பக்கத்தில் ரிசர்வ் பாங்கின் உயர்ந்த கட்டடம் தெரிகிறது. கல்கத்தாவில் தொடங்கிய அதன் தலைமை அலுவலகம் 1937இல் இங்கு வந்தது. நெருக்கடியில் வழக்கமான நிபந்தனைகளைத் தளர்த்திக் கடன் கொடுக்க அதன் சட்டத்தின் 18ஆம் பிரிவு இடமளிக்கிறது. அதிகாரம் கையில் வந்தவுடன் தொல்லை தீர்ந்துவிடவில்லை. 1938இல் திருவாங்கூர் நேஷனல் அண்டு குயிலான் பாங்கு வீழ்ந்தது. 1960 ஆகஸ்டில் ரிசர்வ் பாங்கே நீதிமன்றம் சென்று பாலாய் சென்ட்ரல் பாங்கை மூடச் செய்தது. கேரளம் முழுவதும் கொதித்தது. அந்தக் கொதிப்பின் பயனாக 1962 ஜனவரி 1 முதல் டெபாசிட்டுகளுக்கு இன்ஷூரன்ஸ் வந்தது. அன்று ஒருவருக்கு 1,500 ரூபாய் வரை. 1993இல் 1 லட்சம். 2020 பிப்ரவரி 4 முதல் 5 லட்சம்.

அடுத்த மாதமே, 2020 மார்ச் 5 அன்று, யெஸ் பாங்கில் 50,000 ரூபாய்க்கு மேல் எடுக்கலாகாது என்று ஆணை பிறந்தது. மக்கள் ஏ.டி.எம். வாசல்களில் திரண்டனர். பதின்மூன்று நாளில் கட்டுப்பாடு நீங்கிற்று. ரிசர்வ் பாங்கு 50,000 கோடி ரூபாய்க் கடன் வசதி அளித்தது. அதனை அவ்வாண்டு செப்டம்பருக்குள் திருப்பிச் செலுத்தி விட்டதாக யெஸ் பாங்கு அறிவித்தது. மூலதனம் போட்டுத் தூக்கி நிறுத்தியவர்களில் முதல்வர் ஸ்டேட் பாங்கு. அதன் பூர்வோத்தரம் என்ன தெரியுமா? 1868இல் புதிதாக அமைத்த பம்பாய் பாங்கு, வங்காள, சென்னை பாங்குகளோடு 1921இல் இணைந்து இம்பீரியல் பாங்கு ஆயிற்று. 1955 ஜூலை 1ஆம் நாள் ஸ்டேட் பாங்கு ஆயிற்று. எந்த வட்டத்தில் ஒரு பாங்கு கைகொடுக்க முடியாமல் விழுந்ததோ, அதே குலத்துக் கொழுந்து இன்னொன்றுக்குக் கைகொடுத்தது.

இதைக் கண்டு, எல்லாப் பாங்கையும் யாரேனும் தூக்கி நிறுத்துவார்கள் என்று நாம் இருந்துவிடலாகாது. எப்படியும் காப்பார்கள் என்று தெரிந்தால் நிர்வாகிகளுக்கும் அச்சம் போய்விடும். 1863இல் நிகழ்ந்தது மீண்டும் நிகழும். ஆதலால் குடும்பத் தலைவர்கள் சிலவற்றை மனத்தில் கொள்ள வேண்டும். இன்ஷூரன்ஸ் ஒருவருக்கு ஒரு பாங்கில் அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம்தான். அதே பாங்கின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் கணக்கு ஒன்றே. தபாலாபீஸ் சேமிப்பு சர்க்காருடையது. சீட்டுக் கம்பெனிக்கோ இந்தப் பாதுகாப்பு இல்லை. கட்டுப்பாடு விதிக்கப்பட்ட பாங்கில், 90 நாளுக்குள் இன்ஷூரன்ஸ் தொகையைத் தர 2021ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்திருக்கிறது. மாமிக்கும் இந்தத் தொகை பிற்பாடு வந்தது. எட்டு நாளில் கட்ட வேண்டிய கட்டணத்தைக் குடியிருப்பில் நால்வர் சேர்ந்து கொடுத்தார்கள். அதுவும் பீதியில் கொடுத்த கடன்தான். ஈடு, மாமியின் சொல்.

மின்ட் சாலை முடிவில் தலைமைத் தபாலாபீஸ். அதற்கடுத்து, முன்னர் விக்டோரியா டெர்மினஸ் என்று பெயர் பெற்றிருந்த நம் ரெயில் நிலையம். சென்னை செல்லும் வண்டிகள் இங்கிருந்து புறப்பட்டுக் கர்ஜத்தை அடைந்ததும் சற்று நிற்கும். அங்கிருந்து லோனாவளா வரை 37 அடிக்கு 1 அடி ஏற்றம். முன் எஞ்சின் மட்டும் இழுக்கப் போதாது. பெரும்பாலான வண்டிகளுக்குப் பின்னாலிருந்து தள்ள எஞ்சின்கள் சேர்ப்பார்கள். ரெயில்வேயில் அவற்றின் பெயர் ‘பேங்கர்’! ஏற்றத்தில் மட்டும் தள்ளும். மேலே போனதும் கழன்று கொள்ளும். அச்சு முறிந்த வண்டியைப் பேங்கரால் காப்பாற்ற முடியாது. அந்த வண்டியை முதலிலேயே கண்டு நிறுத்த, சக்கரத்தைப் பரிசோதிக்கும் ஆட்கள் புறப்படும் இடத்தில் இருக்கிறார்கள். பாங்குகளுக்கும் இவ்விரண்டு வேலையும் நடைபெற வேண்டும்.

அடுத்த விடுமுறையில் ஊருக்குப் போகும்போது கர்ஜத்தில் சிறிது கண் விழித்திருங்கள். பின்னாலிருந்து மெல்லிய அதிர்ச்சி ஒன்று பெட்டி பெட்டியாகக் கடந்து வரும். குழந்தைகள் ‘என்ன அது?’ என்று கேட்டால் சொல்லி வையுங்கள்.