ஒரே ஒரு டால்டன்

வியாழக்கிழமைகளில் விவேக் நகரில் ஆட்டோ கிடைப்பது கஷ்டம். குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் தெருவே நகராது. அப்படி ஒரு வியாழன் மாலைதான் என் மருமகள் ரத்தப் பரிசோதனை அறிக்கையோடு நடந்தே வீட்டுக்கு வந்தாள். மூன்று மாத கர்ப்பம். "மாமா, எனக்கு ஏதோ வியாதியாம்" என்றாள். குவாஹாட்டியில் பிறந்தவள்; இரண்டே வருடத்தில் எங்கள் வீட்டுத் தமிழைப் பிடித்துக்கொண்டவள்.

'ஹீமோகுளோபின் ஏ2 - 27 சதவீதம். தலசீமியா?' என்றது அறிக்கை. அந்தக் கேள்விக்குறி ஒன்று போதாதா? வேலூரிலிருந்து போன் செய்த என் அக்கா, "நான் அப்பவே சொன்னேன்" என்று ஆரம்பித்தாள். போனை வைத்துவிட்டேன்.

டாக்டர் நிதானமானவர். தலசீமியா கேரியர்களுக்கு ஏ2 இவ்வளவு ஏறாது, பெரும்பாலும் 4 முதல் 7 சதவீதத்துக்குள் நின்றுவிடும் என்றார். இது ஏ2வின் இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கும் வேறொரு ஹீமோகுளோபின், அநேகமாக 'இ' வகை. வடகிழக்கில் அது சர்வசாதாரணம். தனியாக இருந்தால் தொல்லையில்லை. ஆனால் என் மகன் தலசீமியா கேரியராக இருந்தால், குழந்தை இரண்டையும் சேர்த்து வாங்கிக்கொள்ள நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. சில குழந்தைகளுக்கு ஆயுள் முழுக்க ரத்தம் ஏற்ற வேண்டிவரும். மகனுக்குச் சாதாரணப் பரிசோதனையே போதும். மருமகளின் ரத்தத்தை மட்டும், சந்தேகம் தீர, ஓர் ஆராய்ச்சிக்கூடத்துக்கு அனுப்பினார்.

முப்பது வருடம் தொழிற்சாலையில் அளவுக் கருவிகளோடு காலம் தள்ளியவன் நான். மூலக்கூறுகளை எடை போடும் இயந்திரம் என்றதும் கூடவே போனேன். பெயர் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். தட்டும் கிடையாது, படிக்கல்லும் கிடையாது. புரதத்துக்கு மின்னூட்டம் கொடுத்து வெற்றிடக் குழாயில் ஓடவிடுகிறார்கள். ஒரே அளவு மின்னூட்டம் பெற்றவற்றில் லேசானது முந்தி வரும், கனமானது பிந்தி வரும். வந்து சேரும் நேரத்தை வைத்துக் கம்ப்யூட்டர் எடையைச் சொல்லிவிடுகிறது.

சிக்கல் அங்கேதான். ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலி 15,867 டால்டன். 'இ' வகையில் 26ஆவது இடத்தில் குளுட்டாமிக் அமிலத்துக்குப் பதில் லைசின். வித்தியாசம் ஏறத்தாழ ஒரே ஒரு டால்டன், அதாவது ஒரு ஹைட்ரஜன் அணு. மூட்டை அரிசியில் ஒரு பிடி குறைந்தால் யாருக்குத் தெரியும்? அதனால் முதலில் டிரிப்சினால் வெட்டுகிறார்கள். நம் குடலில் புரதத்தைச் செரிக்கும் அதே என்சைம்தான். லைசினையும் ஆர்ஜினினையும் கண்டால்தான் அது வெட்டும். புதிதாக ஒரு லைசின் வந்துவிட்டதால், 13 அமினோ அமிலம் நீளமிருக்க வேண்டிய துண்டு ஒன்பதிலேயே அறுந்துவிடுகிறது. திரையில் 1,314 என்ற இடத்தில் ஒரு கோபுரம், 916இல் இன்னொன்று. முன்னது பெற்றோரில் ஒருவர் கொடுத்தது, பின்னது மற்றவர் கொடுத்தது. ஆராய்ச்சி மாணவி விரல் வைத்துக் காட்டினாள். 'இ'யேதான்.

புரதம் போன்ற பெரிய மூலக்கூறைச் சிதைக்காமல் பறக்கவிட வழி கண்டவர்களில் ஒருவர் கொய்ச்சி தனகா. ஜப்பானில் ஷிமாட்சு கம்பெனி என்ஜினியர், டாக்டர் பட்டம்கூட இல்லாதவர். 1985இல் கோபால்ட் தூளில் தவறுதலாகக் கிளிசரினைக் கலந்துவிட்டார். விலையுயர்ந்த தூளை எறிய மனமில்லாமல் சோதித்துப் பார்த்தார். 2002இல் நோபல் பரிசில் பங்கு. எங்கள் தொழிற்சாலையாக இருந்தால் மெமோ கொடுத்திருப்பார்கள்.

பெங்களூருக்கும் இதில் பங்குண்டு. 2014இல் 'நேச்சர்' வெளியிட்ட மனிதப் புரத வரைபடத்தை, அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து தயாரித்தது இங்குள்ள இன்ஸ்டிடியூட் ஆஃப் பயோஇன்ஃபர்மேடிக்ஸ். 17,294 ஜீன்கள் உண்டாக்கும் புரதங்களை அதில் கண்டறிந்திருந்தார்கள். எங்கள் வீட்டுக் கவலை அதில் ஒரே ஒரு ஜீனைப் பற்றியது.

மகனின் அறிக்கை வர ஐந்து நாள் ஆனது. அந்த ஐந்து நாளும் வீட்டில் யாரும் குழந்தைக்குப் பெயர் தேடவில்லை. ஆறாவது நாள் அவன் மாடிப்படியிலிருந்தே கத்தினான்: "அப்பா, ஏ2 ரெண்டரைதான்! நார்மல்!" மருமகள் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

பேத்திக்கு இப்போது இரண்டு வயது. 'இ' அவளுக்கு வந்திருக்கிறதா என்று இன்னும் பார்க்கவில்லை. அவசரமில்லை என்கிறாள் மருமகள்.