23 புள்ளி, ஒரே வளவு

செட்டிநாட்டுப் பக்கம் போய், "உங்க வீட்டுல எத்தனை பேர்?" என்று கேட்டுப் பாருங்கள். சட்டென்று பதில் வராது. "எத்தனை புள்ளி?" என்று கேட்க வேண்டும். கல்யாணமான ஜோடி ஒரு புள்ளி. அதுவரை நீங்கள் ஐ.ஏ.எஸ்.ஸே பாஸ் பண்ணியிருந்தாலும் கணக்கில் வரமாட்டீர்கள்!

எங்கள் வீட்டுக்கு இப்போது 23 புள்ளி. ஆனால் வீட்டில் இருப்பது ஒரே ஒருவர். தொண்ணூறு தாண்டிய சின்ன அப்பத்தா. துணைக்கு ஒரு சமையல்கார அம்மா, கணக்கில்லாத வௌவால்கள்.

சென்னையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறினால் ராத்திரி காரைக்குடி. அங்கிருந்து கானாடுகாத்தான் பக்கம் காரில் அரை மணி நேரம். (அந்த ஊருக்குச் 'செட்டிநாடு' என்றே ஒரு ஸ்டேஷன் உண்டு. எல்லா வண்டியும் நிற்காது, கேட்டுக்கொண்டு ஏறுங்கள்.) முகப்பு ஒரு தெருவில், கொல்லைக் கதவு அடுத்த தெருவில். நடுவில் வளவு, இரண்டாங்கட்டு, மூன்றாங்கட்டு. பர்மாத் தேக்குத் தூண். தரையில் ஆத்தங்குடிக் கல். வளவைச் சுற்றி வரிசையாக அறைகள், பிள்ளைக்கு ஒன்றாக. அறைக்குத்தான் பூட்டு. வளவு எல்லோருக்கும் பொது, கதையும் அப்படித்தான்.

வருஷத்துக்கு ஒருமுறை முன்னோருக்குப் படைப்பு. அன்றைக்குத்தான் அத்தனை புள்ளியும் கூடும். கும்மாயம், வெள்ளைப் பணியாரம், கவுனி அரிசி எல்லாம் உள்ளே போனபின் வளவில் பாயை விரித்தால் பேச்சு ஆரம்பம். எங்கே தொடங்கினாலும் கடைசியில் ஐயாவின் பர்மா நடையில் வந்து நிற்கும்.

ஐயா பன்னிரண்டு வயதில் பெட்டியடிப் பையனாகப் பர்மாவுக்குக் கப்பலேறியவர். அடுத்தாளாகி, மேலாளும் ஆனார். 1941 டிசம்பரில் ஜப்பான்காரன் ரங்கூனில் குண்டு போட்டதும் எல்லாம் போயிற்று. கப்பலில் இடம் கிடைத்தவர்கள் கப்பலில் வந்தார்கள். மற்றவர்கள் நடந்தார்கள். தமு, இம்பால் என்று மலைக்காட்டு வழியாக டிமாப்பூர் வந்து ரயில் பிடித்தவர்கள் எத்தனையோ பேர். வழியிலேயே காலராவுக்கும் பசிக்கும் போனவர்கள் ஆயிரக்கணக்கில். ஐயா 1942 கோடையில் தாடியும் மீசையுமாக வந்து நின்றபோது, முகப்பில் இருந்த கணக்குப்பிள்ளை அவரைப் பண்டாரம் என்று நினைத்து அரிசி போடப் போனாராம்!

இதுவரைக்கும் தகராறு இல்லை. ஐயா என்ன சுமந்துகொண்டு வந்தார் என்பதில்தான் சண்டை. மூத்தவர் வழிக்காரர்கள் மூன்று பேரேடு என்பார்கள். இரண்டாவது வழி, முகப்பில் ஓடாமல் தொங்குகிறதே, அந்தக் கடிகாரம் என்று சத்தியம் செய்யும். (அதைச் சுமந்துகொண்டு மலையேற பயில்வான் வேண்டும்.) எங்கள் வழியில், யாரோ பெற்ற பிள்ளையைத் தோளில் தூக்கி வந்தார் என்று கதை.

இந்தத் தடவை படைப்புக்குச் சிங்கப்பூர் அண்ணன் ஒரு பேப்பரோடு வந்திருந்தார். தூண், நிலை, கதவு எல்லாவற்றையும் மொத்தமாகப் பேசிவிட்ட வியாபாரிக்கு அத்தனை புள்ளியும் கையெழுத்துப் போட்டுத் தரவேண்டுமாம். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மழை வந்தால் வளவுக்குள் பரிசல் விடலாம். ஓடு மாற்ற ஆகும் காசில் காரைக்குடியில் ஒரு ஃப்ளாட்டே வாங்கலாம். முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனால், இப்படிப் பிரித்த வீடுகளைக் கடை கடையாகப் பார்க்கலாம். யாரோ ஒரு அப்பத்தாவின் பல்லாங்குழி விலைச்சீட்டோடு உட்கார்ந்திருக்கும்.

பேப்பர் கைமாறிக்கொண்டிருந்தபோது சின்ன மருமகள் ஒருத்தி, புதுசு, சும்மா கேட்டாள்: "அப்பத்தா, படைக்கையில ஓரமா ஒரு இலை தனியாப் போட்டீகளே, அது யாருக்கு?"

எனக்கு நினைவு தெரிந்த நாளாக அந்த இலை விழுகிறது. நாங்கள் யாரும் கேட்டதில்லை.

அப்பத்தா வெற்றிலையை மென்று முடிக்கும்வரை பதில் இல்லை. அப்புறம் சொன்னார்: "கடையில சமைச்சுப் போட்டவருக்கு. உங்க ஐயா பேரேட்டையும் சுமக்கல, கடிகாரத்தையும் சுமக்கல. அந்த மனுசனத்தான் சுமந்தாக. பேதி கண்டுருச்சு. ரெண்டு நாளு தோள்ல போட்டு நடந்தாக. மூணா நாளு முடியல. ஒரு மரத்தடியில இறக்கி வச்சு, கையில இருந்த தண்ணியக் குடுத்துட்டு வந்துட்டாக. உசுரு இருந்துச்சாம், அப்ப."

வளவில் சத்தமே இல்லை.

"ஊருக்கு வந்து அவுக வீட்டத் தேடிப் போனாக. சாகுந்தண்டியும் மாசா மாசம் அந்த வீட்டுக்குப் பணம் அனுப்புனாக. பேரேட்டுல 'பர்மாச் செலவு'ன்னு எழுதுவாக. இலை போடணும்னு ஏங்கிட்டத்தான் சொல்லிட்டுப் போனாக."

சிங்கப்பூர் அண்ணனின் மகன் செல்போனில் இதை எடுத்துக்கொண்டிருந்தான். அப்பத்தா அதை உற்றுப் பார்த்தார்.

"இதுல சொன்னா, நான் போன பிறகும் பேசுமாடா?"

"பேசும் அப்பத்தா."

"அப்ப அழிச்சுட்டு முதல்லருந்து எடு. அந்தப் பேதி சமாசாரம் வேணாம், காய்ச்சல்னு சொல்றேன். சாப்பிட்ட மனுசங்க இருக்காக."

வளவே சிரித்தது, அண்ணன் உட்பட. ஓடு மாற்றப் புள்ளிக்கு எவ்வளவு வரும் என்று யாரோ கணக்குப் போட ஆரம்பித்தார்கள். தொகையைக் கேட்டதும் நாலு பேருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது! அண்ணன் பேப்பரைக் கேட்டு வாங்கவில்லை, கிழிக்கவும் இல்லை. நான் கிளம்பும்போது அது அப்பத்தாவின் வெற்றிலைப் பெட்டிக்கு அடியில் இருந்தது. பதினொரு கையெழுத்து விழுந்திருந்தது.